ஹோபர்ட் குழியில் இருந்த நாலு வருஷம்

— இல்ல ரீவாம்மா, மறுபடியும் மொதல்ல இருந்து வர்றீங்க. நான் கேட்டது ஒரே கேள்வி. கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?

— மாட்டேன்.

— அஞ்சு மணிக்குள்ள அரசு வக்கீலுக்கு நான் போன் பண்ணணும். அதுக்கப்புறம் இந்தச் சலுகை கிடையாது. திங்கக்கிழமை வழக்கு எடுக்கறாங்க. தோத்தா அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம். இந்த அறுபத்தெட்டு வயசுல.

— அறுபத்தொம்போது. சோள ரொட்டி ஆறிப்போவுது, சாப்புடு தம்பி.

— ரொட்டி வேணாம்மா!

— லூயிவில் பட்டணத்துல இருந்து இம்புட்டுத் தூரம் மலையேறி வந்திருக்கே. வெறும் வயித்துல கத்தினா தலைதான் வலிக்கும். பீன்ஸ் சாறு ஊத்தவா?

— ஐயோ கடவுளே. சரி, ஊத்துங்க. ஊத்திட்டு ஒரு நிமிஷம் உக்காருங்க. நான் மொத்தத்தையும் ஒரு தடவ சொல்றேன். தப்பு இருந்தா மட்டும் வாயத் தொறங்க.

— என் வீட்டுல என்னையே வாய மூடச் சொல்றியா? சரித்தான், சொல்லு.

— உங்க வீட்டுக்காரரு ஹோபர்ட் நெஞ்சுல கரி அடைச்சுச் செத்தாரு. அதுக்கு விதவைப் பென்ஷன் கேட்டீங்க. பதினஞ்சு வருஷம் சுரங்கத்துல இருந்தாருன்னு காட்டினா சுலபமா வரும். இல்லன்னா குதிரைக்கொம்பு. கம்பெனிக் கணக்குல பதினொண்ணுதான் இருக்கு. நாலு குறையுது. அப்ப அவரோட கூட்டாளி ஆர்லிஸ் பென்ஷன் விசாரணைக்கு வந்து பைபிள் மேல கை வச்சு, 'அந்த நாலு வருஷமும் ஹோபர்ட் என் பக்கத்துலயே நின்னு கரி வெட்டினான், என் கண்ணால பாத்தேன்'னு சொன்னாரு. சரியா?

— சரி.

— கம்பெனி ஆளுங்க சம்பளப் பட்டியலக் கொண்டாந்து போட்டாங்க. அந்த நாலு வருஷத்துல ஹோபர்ட்னு ஒரு பேரே இல்ல. மத்திய அரசு ஆர்லிஸப் புடிச்சுது. அவரு ரெண்டே நாள்ல, 'ஆமா, நான் சொன்னது பொய்தான், ரீவா சொல்லச் சொன்னா'ன்னு எழுதிக் குடுத்துட்டாரு. இப்ப பொய்சாட்சி சொல்லத் தூண்டினதா உங்க மேல வழக்கு. அவருக்கு ஜெயில் இல்ல. உங்களுக்கு இருக்கு. இப்படி உங்களக் காட்டிக் குடுத்த ஆளு மேல ஒரு கோவம் கூட வரலியே உங்களுக்கு!

— அவன் மூக்குல குழாய மாட்டிக்கிட்டுப் படுத்திருக்கான் தம்பி. காத்து உருளைய இழுத்துக்கிட்டு கக்கூஸுக்குப் போறான். கோட்டு போட்ட நாலு பேரு கட்டிலச் சுத்தி நின்னா நீயுந்தான் எழுதிக் குடுப்பே.

— அவருக்கு வக்காலத்து வாங்க வேற ஆளு இருக்காங்கம்மா. நான் உங்களுக்குத்தான் வக்கீல். விசாரணைக்கு முந்தின நாள் அவரு வீட்டுக்குப் போனீங்களா?

— போனேன்.

— வெறுங்கையோடவா?

— நோயாளி வீட்டுக்கு யாராச்சும் வெறுங்கையோட போவாங்களா? கருநாவல் பழம் வச்சு ஒரு அடை சுட்டு எடுத்துட்டுப் போனேன்.

— அதையும் எழுதியிருக்காங்க. 'குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சியின் மனதை மாற்ற இனிப்புப் பண்டம் கொண்டுசென்றார்.'

— அட நாசமாப் போறவனுங்களா! அதுல பாதிய அவன் பொஞ்சாதிதான் தின்னா. அவளையும் புடிச்சு உள்ள போடச் சொல்லு!

— சிரிக்காதீங்கம்மா. ஜூரின்னு பன்னண்டு பேரு உக்காந்து கேட்டுத் தீர்ப்பு சொல்லுவாங்க. அங்க சிரிச்சீங்கன்னா தொலைஞ்சீங்க.

— அழவா சொல்றே? அதெல்லாம் அழுது முடிச்சாச்சு.

— சரி. சலுகைக்கு வருவோம். நல்ல சலுகை. ஜெயில் கிடையாது. மாசம் ஒருக்கா ஒரு அதிகாரியப் போயிப் பாக்கணும், அவ்வளவுதான். பென்ஷன் வராது. ஆனா வீட்டுல இருப்பீங்க. உங்க அடுப்பு, உங்க கோழி. இதுக்கு மேல என்ன வேணும்? ஒரு கையெழுத்து!

— அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு படி.

— எத்தன தடவம்மா படிக்கறது?

— படிப்பா. ரெண்டாவது பக்கம்.

— 'என் கணவர் ஹோபர்ட் மேற்படி நான்கு ஆண்டுகளில் எந்தச் சுரங்கத்திலும் வேலை செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும்.'

— அத நீதிபதி முன்னாடி கைய உசத்திச் சொல்லணுமாம்ல?

— ஆமா. ஒத்துக்கறதுன்னா அப்படித்தான்.

— பொய் சொல்ல வச்சேன்னு என் மேல வழக்குப் போட்டுட்டு, அதுலருந்து தப்பிக்கறதுக்கு என்னையே பொய் சொல்லச் சொல்றீங்க. இது எந்த ஊரு நியாயம்?

— பொய்யா? எது பொய்?

— அந்த மனுசன் இறங்கலேன்னு எழுதியிருக்கே, அதுதான். நாலு வருஷம் தம்பி. தினமும் சாயங்காலம் தொட்டியில உக்கார வச்சு முதுகு தேய்ச்சு விட்டவ நானு. தண்ணி மைய விடக் கறுப்பா ஓடும். தலகாணி உறையில கரி. கண்ணு ஓரத்துல கரி. அது குழிக்குள்ள இல்லாம வேற எங்க இருந்து வந்துச்சாம்? என் சவத்து மேல ஏறி நின்னாலும் அந்த வார்த்தை என் வாயில இருந்து வராது.

— இருங்க, இருங்க. அப்ப ஹோபர்ட் உண்மையிலேயே வேலை செஞ்சாரா?

— இத்தன நாளா நான் என்ன கதையா சொல்லிக்கிட்டிருந்தேன்?

— 'அவரு இருந்தாரு, இருந்தாரு'ன்னு சொன்னீங்க. எல்லாப் பொஞ்சாதியும் அப்படித்தான் சொல்லுவாங்க! அப்ப பேரு ஏன் பட்டியல்ல இல்ல?

— வேலைநிறுத்தத்துல முன்னாடி நின்னாரு. அது தோத்துப் போச்சு. அதுக்கப்புறம் ஹோபர்ட்னு பேரு சொன்னாலே இந்த மலையில ஒரு சுரங்கமும் கேட்டத் தொறக்கல. ரெண்டு புள்ளைங்க. என்ன பண்றது? வேற ஒருத்தன் வில்லையில இறங்கினாரு.

— வில்லையிலன்னா?

— பட்டணத்துப் புள்ள, உனக்கு எங்க தெரியும். ஒவ்வொருத்தனுக்கும் நம்பர் அடிச்ச பித்தளை வில்லை ஒண்ணு குடுப்பாங்க. இறங்கும்போது வாசல் பலகையில மாட்டணும், ஏறினதும் எடுக்கணும். வில்லை தொங்கினா ஆளு உள்ள இருக்கான்னு அர்த்தம். இடிஞ்சு விழுந்தா அதப் பாத்துத்தான் தேடுவாங்க. மூஞ்சிய யாரு பாக்கறா? எல்லா மூஞ்சியும் கறுப்புதான்.

— மேஸ்திரி?

— தெரியும். தெரியாத மாதிரி இருந்தாரு. அவருக்கு வேண்டியது கரி. ரெண்டாளு வேலைய ஒத்தையா பாக்கறவன எவன் வெரட்டுவான்? அந்த மேஸ்திரியும் போயிச் சேந்துட்டாரு.

— ரீவாம்மா! ஒரு வருஷம்! ஒரு வருஷமா மண்டையப் பிச்சுக்கிட்டிருக்கேன்! இத மொதல் நாளே சொல்லியிருந்தா இந்த வழக்கே இங்க வரைக்கும் வந்திருக்காது! புரியுதா உங்களுக்கு? ஹோபர்ட் குழிக்குள்ள இருந்தாருன்னா ஆர்லிஸ் சொன்னது உண்மை. சாட்சி பொய்யே இல்லன்னா, பொய் சொல்லத் தூண்டினதும் இல்ல. அடியில இருக்கற கல்லு ஒண்ண உருவினா கட்டடமே காலி!

— அப்ப இந்தத் தாளக் கிழிச்சுப் போடு.

— போடறேன், போடறேன். ஒரே கேள்வி. யாரோட வில்லை?

— அது வேணாம்.

— என்னது?

— பேரு சொல்ல மாட்டேன். வேற என்ன வேணுமோ கேளு.

— அம்மா, எனக்கு வேண்டியதே அதுதான்! அந்த ஆளு உசிரோட இருக்காரா?

— இருக்கு. உசிரு இருக்கு.

— அப்ப ஏன்? ஜெயிலுக்குப் போயிடுவாருன்னு பயமா? முப்பது வருஷத்துக்கு முந்தின சங்கதி. அதுக்கு இப்ப ஒருத்தரும் கைவிலங்கு மாட்ட மாட்டாங்க. நான் எழுதித் தர்றேன்.

— ஜெயிலுக்கு யாருப்பா பயந்தா? நானே பயப்படல.

— பின்ன எதுக்கு? எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போலிருக்கு. உங்கள வெளிய கொண்டுவர்ற ஒரே சாவி உங்க கையில இருக்கு, நீங்க முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கீங்க!

— கத்தாதே. கோழி பயப்படுது.

— கோழி!

— உக்காரு. சொல்றேன். பேரு கேக்கக் கூடாது. கூரை இடிஞ்சு ஒருத்தன் உள்ள மாட்டிக்கிட்டான். கூட அவன் தம்பியும். தம்பி பாறைக்கு அடியில. இவன் பக்கத்துலயே, இருட்டுக்குள்ள, தம்பி கைய புடிச்சுக்கிட்டே கெடந்தான். அந்தக் கை சில்லுன்னு ஆனப்புறமும் விடல. மூணாம் நாள்தான் தோண்டி எடுத்தாங்க.

— ஐயோ.

— ஆறி எழுந்து வேலைக்குப் போனான். வாசல் வரைக்கும் போவான், காலு நகராது. வேர்த்து ஊத்தும். வாந்தி எடுப்பான். எங்க ஊருல அத வெளிய சொல்ல முடியுமா? காலு போனவன்னா ஊரே சோறு போடும். பயந்தவன்னா பெத்த புள்ளையே மூஞ்சியில முழிக்காது.

— அதனால ஹோபர்ட்?

— அவனுக்கு வேலை இருந்துச்சு, உள்ள இறங்கக் காலு வரல. இவருக்குக் காலு இருந்துச்சு, வேலை இல்ல. சம்பளத்த ரெண்டு வீடும் பங்கு போட்டுக்கிச்சு. அவன் தினமும் காலையில சாப்பாட்டு வாளியத் தூக்கிட்டு வீட்டுல இருந்து கெளம்புவான். மலைக்கு இந்தப் பக்கம் வந்து, இந்த அடுப்படியில உக்காருவான். நான் துணி துவைப்பேன், அவன் உருளைக்கெழங்கு சீவித் தருவான். பேசவே மாட்டான். சாயங்காலம் ஹோபர்ட் வந்ததும், இந்தக் கரி வாளியில கையவிட்டு மூஞ்சியெல்லாம் அள்ளிப் பூசிக்கிட்டு வீட்டுக்குப் போவான். பொஞ்சாதிக்குத் தெரியாது. புள்ளைங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

— நாலு வருஷமா?

— நாலு வருஷம். அவன் பயலுக ரெண்டு பேரும் இன்னிக்குச் சுரங்கத்துலதான் இருக்கானுங்க. 'எங்கப்பன் தம்பியப் புதைச்ச கையோட மறுபடி இறங்கினவன்'னு ஊரெல்லாம் மாரத் தட்டிச் சொல்லிக்கிட்டுத் திரியறானுங்க. அந்த நெனப்பத்தான் கோர்ட்டுல வச்சு நான் ஒடைக்கணுமா? சாகப்போற காலத்துல அவன் புள்ளைங்க முன்னாடி அவன அம்மணமா நிறுத்தணுமா? எனக்கு மனசு வரல தம்பி. ஜெயில்லயும் சோறு போடுவாங்க.

— அப்படிப் பேசாதீங்க. எனக்குத் தாங்கல.

— ஏம்ப்பா, நீ ஏன் கண்ணத் தொடைக்கறே?

— ஒண்ணுமில்ல. சாறு காரம். சரி, கேளுங்க. பேரு வேணாம். அந்த மனுசன விட்டுருவோம். அவரு இல்லாமலே ஜெயிக்கலாம்.

— எப்படி?

— ஆர்லிஸ்! அவரு போதுமே! யாரோட வில்லையில இறங்கினா என்ன? பக்கத்துல நின்னு கண்ணால பாத்தவரு அவருதானே? எழுதிக் குடுத்தது பயந்து போயி எழுதினதுன்னு நான் உடைக்கறேன். கூண்டுல ஏத்தி ஒரே கேள்வி கேப்பேன். 'ஐயா, அந்த நாலு வருஷமும் நீங்க குழிக்குள்ள இருந்தப்ப, உங்க பக்கத்துல ஹோபர்ட் இருந்தாரா?' ஆமான்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது.

— அவன ஏத்தாதே.

— உருளையோட தூக்கிட்டு வர ஏற்பாடு பண்றேன். ஒரு கஷ்டமும் இருக்காது.

— அதுக்கில்ல.

— அப்புறம் என்னம்மா? பொய்னு தெரிஞ்சு ஒரு சாட்சிய நான் ஏத்தினா என் வக்கீல் தொழிலே போயிடும். இவரு சொல்லப் போறது உண்மை. சத்தியமான உண்மை. எனக்கு என்ன பயம்? மணி நாலரை. போன எடுத்து, 'உங்க சலுகைய நீங்களே வச்சுக்குங்க'ன்னு சொல்லப் போறேன். இந்த ஒரு வருஷத்துல இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கப் போறேன்.

— போனக் கீழ வை தம்பி.

— ஏன்?

— ஹோபர்ட் குழிக்குள்ள இருந்தது சத்தியம். ஆனா மூஞ்சியில கரியப் பூசிக்கிட்டு வீட்டுக்குப் போனவன் ஆர்லிஸ்தாம்ப்பா. 'நானும் பக்கத்துல நின்னேன்னு சேத்துச் சொல்லுடா, உன் மானமும் போகாது'ன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தவ நான்தான்.