ஒரு தட்டுக்கு ஒரு சொல்

மேடையில் அமர்ந்திருக்கும் வெங்கடபதி அவர்களின் துணைவியார் திருமதி ராமாமணி அவர்களே, கொங்கு வட்டாரத்து அச்சக நண்பர்களே, கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் தட்டச்சர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் பொறியாளர் வெங்கடபதி அவர்களை மேதை என்றார்கள். இருபதாண்டுகள் அவரோடு பழகியவள் சொல்கிறேன். அவர் மேதை அல்ல, பிடிவாதக்காரர். நாமெல்லாம் தமிழ் தட்டச்சு செய்யும் 'நொய்யல்' எடிட்டர் மென்பொருளைக் கடைசிவரை தனி ஆளாகக் காப்பாற்றிய பிடிவாதக்காரர்.

கண்ட்ரோல் விசையோடு அம்புக்குறியை அழுத்தினால் கர்சர் ஒரு சொல்லைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதானே? ஆனால் அன்று தாண்டியதா! ஒவ்வொரு எழுத்தின் புள்ளியிலும், காலிலும், கொம்பிலும் முட்டிக்கொண்டு நின்றது.

வெள்ளகோவிலில் அச்சகம் வைத்திருக்கும் ஆறுச்சாமி ஒருநாள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். "ஏனுங்க, ஒரு வார்த்தைய அழின்னா, போன கல்யாணத்து மாப்பிள்ளை பேர்ல பாதிய விட்டுப்போட்டு போயிருச்சுங்க. பாக்காம அடிச்சும்போட்டேன். பொண்ணூட்டுக்காரங்க பாயறாங்க!"

"மிச்சமிருக்கறது நல்ல பாதிதானுங்களே?" என்றார் வெங்கடபதி. மறுநாளே சரிசெய்தும் கொடுத்தார்.

சொல்லை எங்கே பிரிப்பது என்பதற்கு உலகத் தரவிதிகளே போதும் என்று நான் வாதிட்டேன். "அத எழுதுனவங்க வெள்ளகோவில்ல பத்திரிகை அடிச்சதில்லீங்க, அம்மணி" என்றார். தேதிகளையும் தொலைபேசி எண்களையும் பிரிப்பதில் என் பேச்சே சரி என்று பிறகு தெரிந்தது. ஒப்புக்கொண்டாரா? இல்லை. சத்தமில்லாமல் மாற்றிவைத்தார்.

முன்வரிசையில் கோட்டைமேடு உம்மல் குல்சும் இருக்கிறார். பார்வையற்றவர், பிழைதிருத்துபவர். அவர் ஒருமுறை தட்டினால் கணினி ஒரு சொல்லை வாசிக்கும். அப்படித்தான் புத்தகம் புத்தகமாகத் திருத்துகிறார். வெங்கடபதி மருத்துவமனையில் கிடந்தபோது எல்லோருடைய கணினியும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. சொல்லின் எல்லை மறுபடி உடைந்தது. "இப்ப சொல்லு வர்றதில்லீங்க, வெறும் விக்கல்தான் வருது" என்கிறார் குல்சும். மாத இறுதிவரை பொறுப்பதாகப் பதிப்பகம் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு? வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

சற்றுமுன் ஒரு தீர்மானம் வாசித்தோம். 'அவர் பணியை நாம் தொடர்வோம்.' பலமாகக் கைதட்டினோம். நாம் என்றால் யார்? நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் சிலர் இருக்கிறீர்கள். ஒருவரும் இப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் வேலை, வீடு, வைத்தியம். எனக்கும் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்தும் வேலை இருக்கிறது, களைப்பும் இருக்கிறது.

நொய்யல் நூறாண்டு வாழும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். பெரிய வாக்குறுதிகளை நான் நம்பியதில்லை. சொல்லின் எல்லையைக் காக்கும் அந்த ஒரு பகுதியை இன்றுமுதல் நான் ஏற்கிறேன். துணைக்கு ஆள் வந்தால் நல்லது, வராவிட்டாலும் ஏற்கிறேன். வெங்கடபதி அவர்களுக்கு என்னால் செலுத்த முடிந்த அஞ்சலி இவ்வளவுதான்.

குல்சும், திங்கக்கெழம காலையில கம்ப்யூட்டரோட ஊட்டுக்கு வந்துருங்க. நீங்க தட்டுங்க, எங்க உடையுதுன்னு நான் பாக்கறேன்.