யோசேப் அங்கிளுக்குக் காட்டின கடல்

காலமை ஆறு மணி. யூலைக் குளிர்; இந்த நாட்டில அப்பதான் குளிர்காலம். குவேக்கர்ஸ் ஹில் பக்கம் ரோட்டில ஒரு கார் இல்லை... பனிப்புகார் மட்டும். அந்த ரோட்டால தனியக் காரோடி வேலைக்குப் போனவதான் மிருணாளினி. என்ர மச்சாள் றம்யாவின்ர சிநேகிதி, ஆஸ்பத்திரியில நேர்ஸ். அவவே அழுதழுது றம்யாவுக்குச் சொன்னது இது. கதிரையளைக் கிட்ட இழுங்கோ. சத்தமாச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அண்டைக்கு அவவின்ர வார்டில ஒரு வயசாளி. யோசேப் அங்கிள், முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம். இருதயத்தில ஒப்பரேசன். மனிசனுக்குச் சரியான பயம். இங்கிலீஷ் வராது. மகன் வேலையால இன்னும் வரேல்லை. மிருணாளினியின்ர முகத்தைப் பார்த்துக் கேட்டாராம்.

"பிள்ளை தமிழோ?"

அவ... விளங்காத மாதிரி இங்கிலீசில "சொறி?" எண்டவ.

தமிழெண்டு தெரிஞ்சால் நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பினம். அதுக்காகத்தான். வேற ஒண்டுமில்லை.

பிறகு படம் ஓடுற வீ.ஆர். பெட்டியைக் கொண்டுவந்து அவற்ற கண்ணில மாட்டினா. பயந்த நோயாளியளுக்கு அங்க அதுதான் குடுக்கிறது. மாட்டினால் கடற்கரையில இருக்கிற மாதிரி இருக்கும். அலை வரும். காதுக்குள்ள ஒரு பொம்பிளை, மூச்சை இழுங்கோ, விடுங்கோ எண்டு இங்கிலீசில மெல்லச் சொல்லுவா.

அலைச் சத்தம் வந்ததுதான்... அங்கிள் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கத்தினார்.

"கழட்டு பிள்ளை! தண்ணி வருது! மனிசி அங்க நிக்கிறாள்!"

சுனாமியில மனிசியைக் குடுத்த மனிசன்.

பக்கத்தில நிண்ட நேர்ஸ் கேட்டா, "என்ன சொல்லுறார்?"

"தெரியேல்லை" எண்டா மிருணாளினி. சொன்ன பொய்யை இனி எப்பிடி மாத்துறது? கொஞ்சத்தில அடங்கியிடுவார் எண்டு நினைச்சா. அடங்கினார்.

கழட்டேக்க கன்னமெல்லாம் கண்ணீர். அவவைப் பார்க்கவேயில்லையாம். ஒப்பரேசனுக்குத் தள்ளிக்கொண்டு போச்சினம்... திரும்பி வரேல்லை.

பின்னேரம் மகன் கிறிஸ்ரியன் வந்து நிண்டான். "அப்பா கடைசியா ஏதும் சொன்னவரோ?" இங்கிலீசில கேட்டான்.

"இல்லை. அமைதியா இருந்தவர்" எண்டா. அவவும் இங்கிலீசிலதான்.

ரெண்டு கிழமைக்குள்ள மூண்டு நோயாளியள் பெட்டியைத் தாங்களே கழட்டி எறிஞ்சினம். மூண்டு பேரும் வெள்ளைக்காரர். "உள்ளுக்க ஆரோ கத்துறாங்கள். என்ன பாசை எண்டு விளங்கேல்லை."

ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம், அவ கதவைச் சாத்திப்போட்டுத் தானே மாட்டினா. கடல்... அலை... ஒருத்தரும் இல்லை.

"அங்கிள், எனக்குத் தமிழ் தெரியும்" எண்டா.

அலை நிண்டுது.

தண்ணி பின்னால போகத் தொடங்கிச்சுது... போகுது... போகுது... கறுத்தச் சேறு. மீன் துடிக்குது. உப்பும் அழுகலும் கலந்த மணம். பெட்டிக்குள்ள மணம் எப்பிடி வரும், சொல்லுங்கோ? சேத்துக்குள்ள சனம் சிரிச்சுச் சிரிச்சு மீன் பொறுக்குது. நடுவில, ஆஸ்பத்திரி உடுப்போட அங்கிள். ஒவ்வொருத்தராக் கையைப் பிடிச்சு இழுக்கிறார். ஒருத்தரும் அவரைத் திரும்பிப் பார்க்கேல்லை.

"ஓடுங்கோ! எல்லாரும் ஓடுங்கோ!"

அவ கத்தினது வார்டு முழுக்கக் கேட்டுதாம். ஓடிவந்து கழட்டின நேர்ஸ் கேட்டா, "அது என்ன பாசை?"

"என்ர பாசை" எண்டா மிருணாளினி. தலை நிமிரேல்லை.

அடுத்த நாள் டூங்கபியில கிறிஸ்ரியன் வீட்டுக்குப் போய், ஒண்டும் விடாமல் சொன்னவ. அவன் கேட்டுப்போட்டுக் கதவை மெதுவாச் சாத்தினான். "ஏசியிருந்தாலும் பரவாயில்லையடி" எண்டு றம்யாவிட்ட அழுதவ.

ஆஸ்பத்திரியில கடலை எடுத்துப்போட்டு, பெட்டிக்குள்ள காட்டைப் போட்டினம். பெரிய மரங்கள், குருவிச் சத்தம். முதல் மாட்டினது லிண்டா எண்ட ஒரு கிழவி. மிருணாளினி பக்கத்தில கையைப் பிடிச்சுக்கொண்டே இருந்தா.

"வடிவாயிருக்கு" எண்டு லிண்டா சிரிச்சா. அங்கால இஞ்சால தலையைத் திருப்பிப் பார்த்தா... பிறகு மெல்லக் கேட்டா.

"எங்கயோ புகை மணக்குது. இந்தக் குருவியள், கங்காருவள் எல்லாம்... ஏன் எங்களைத் தாண்டி ஓடுதுகள்?"