ரெண்டரை அடி

கொய்யாவை வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி வைக்க வேண்டும். எட்டடியில் வைத்தாலும் காய்க்கும், ஆனால் பதினைந்து வருஷம் கழித்து வேர் அஸ்திவாரத்தைத் தேடி வந்துவிடும். இதை யார் வந்து கேட்டாலும் சொல்வேன். நாற்பத்திரண்டு வருஷம் செங்கல் அடுக்கிய கை இது. எங்கள் தெருவில் தளம் ஒழுகினாலும் தரை வெடித்தாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அதனால், ஐயா, என்னைக் கோபக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோபக்காரன் கட்டிய சுவர் கோணிக்கொண்டு நிற்கும். என் சுவர் எதுவும் கோணியதில்லை.

பக்கத்து வீட்டு சாரைப் பற்றித்தானே கேட்டீர்கள். தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அந்தம்மாவும் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. பழைய வீடு, பின்னால் கொஞ்சம் தோட்டம், அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஏழடி உயரச் சுவர். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஒரே ஒரு குறை. ஒரு ஆணி அடிப்பதென்றாலும் நாலு பேரைக் கேட்பார். காலையில் என்னிடம், பத்து மணிக்குக் குழாய்க்காரரிடம், மத்தியானம் போனில் மச்சானிடம், சாயங்காலம் மருந்துக்கடைக்காரரிடம். கையில் ஒரு நீல அட்டை நோட்டு எப்போதும் இருக்கும். யார் என்ன சொன்னாலும் அதில் எழுதிக்கொள்வார். நான் பேசப் பேச ஒருவர் எழுதுகிறாரே என்று முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சமையலறை ஜன்னலை இடம் மாற்றச் சொன்னேன். தலையை ஆட்டினார். இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. குழாய்க்காரர் வந்து அதையே சொன்ன மறுநாள் கொத்து வேலை ஆரம்பமானது. தளத்து வெடிப்புக்கு நான் சொன்ன கலவையைத்தான் போட்டார், ஆனால் அதற்கு மேலே மச்சான் சொன்ன பெயிண்டையும் பூசினார். கொய்யாவை எட்டடியில் வைத்தார். பாருங்கள், ஒன்றைக்கூட நான் சொன்னபடி செய்ததில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். செவிடனாவது சங்கு நன்றாக இருந்தது என்று தலையாட்ட மாட்டான்.

எலுமிச்சை விஷயமும் அப்படித்தான். சுவரோரம் எலுமிச்சை வராது என்றேன். அந்தம்மா ஆசைப்பட்டாராம், வைத்துவிட்டார்கள். நன்றாகவே துளிர்த்தது. என் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறினால் வேருக்கு நேராகக் கை எட்டும். ஒன்பது நாள், நாளுக்கு ஒரு செம்பு கொதிக்கிற தண்ணீர் ஊற்றினேன். பத்தாவது நாள் சார் வந்து, "அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி, பட்டுப்போச்சு" என்றார். அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது. நான் பொய் சொல்லவில்லை. வராது என்றேன், வரவில்லை.

பிறகு மழை வந்தது. அந்த நடுச்சுவர் அவர் பக்கமாக வயிறு தள்ளியிருந்ததைப் பார்த்தேன். "சார், இதை இடிச்சிட்டுப் புதுசா கட்டுங்க. இல்லேன்னா ஆளைத் தின்னுடும்" என்றேன். செடியைப் பற்றியும் குழாயைப் பற்றியும் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். சுவர் என் தொழில். இரண்டு நாள் கழித்து நோட்டோடு வந்தார். "மச்சான் என்ன சொல்றான் தெரியுமாண்ணே? இன்னும் பத்து வருஷம் நிக்குமாம். மேஸ்திரி வீட்டுல சும்மா உக்காந்திருக்காரு, வேலை வேணும்ல, அதான் இடிக்கச் சொல்றாருங்கிறான். குசும்பு புடிச்சவன்" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவர் போன பிறகு வெகுநேரம் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தேன். வலித்தது, ஐயா. மறைக்க என்ன இருக்கிறது. நான் போட்ட அஸ்திவாரத்தின் மேல் இந்த ஊரில் பாதிப் பேர் தூங்குகிறார்கள்.

முன்பு ஒரு கட்டடத்தில் வேலை பார்த்தபோது, சுவரை ஒட்டிப் பள்ளம் எடுத்த இரண்டு பேர் என் கண்ணெதிரே புதைந்தார்கள். ஒருவருக்கு வாய் நிறைய மண். இன்னொருவரை இழுக்கும்போது கால் மட்டும் வந்தது. அதன் பிறகு சுவரிலிருந்து மூன்றடி தள்ளாமல் எந்த ஆளையும் மண்வெட்டி போட நான் விட்டதில்லை. பள்ளத்தைத் துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும், சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஆகவே எலுமிச்சை போன இடத்தில் நீளமாக ஒரு பூப்பாத்தி போடலாமா என்று சார் கேட்டபோது, நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"சுவரை ஒட்டியே எடுங்க சார். நீளம் முழுக்க ஒரே பள்ளமா, ரெண்டரை அடி ஆழம். ரெண்டு நாள் தண்ணி கட்டி விடுங்க, மண்ணு இளகட்டும்" என்றேன். எழுதிக்கொண்டார்.

மற்ற மூன்று பேரையும் கேட்பார் என்று தெரியும். அன்று சாயங்காலமே குழாய்க்காரரோடு டீ குடித்தேன். பாத்தி சுவரை ஒட்டி இருந்தால்தான் குழாய் இழுக்கச் சுலபம் என்று பேச்சுவாக்கில் சொல்லி வைத்தேன். மறுநாள் அவர் அதைத் தன் சொந்த யோசனையாகச் சொல்லியிருக்கிறார். மச்சானுக்கு அந்தச் சுவர் மலை மாதிரி, அவர் ஏன் வேண்டாமென்கிறார். மருந்துக்கடைக்காரர் எதற்கும் ஆமாம் போடுகிறவர். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நாலு பேரும் ஒரே பதில் சொன்னார்கள். சாரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மூன்று நாள் தன் கையாலேயே தோண்டினார். அதற்குள் என் பக்கம் ஒரு லோடு மணல் இறக்கி, சுவரோடு சேர்த்து மார்பளவுக்குக் குவித்து வைத்தேன்.

புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். அந்தம்மா கண் டாக்டரிடம் போயிருந்தார். நான் மணல் மேல் ஏறி நின்று, "சார், இறங்கி அடியில கையால சமப்படுத்திடுங்க" என்றேன். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு இறங்கினார். குனிந்து மண்டியிட்டார். சுவரில் இருந்த வெடிப்பில் கடப்பாரையை வைத்துத் தள்ளினேன். ஒரே தள்ளுதான். மச்சான் சொன்னபடி பத்து வருஷம் நிற்கிற சுவராக இருந்தால் நின்றிருக்கும், இல்லையா.

தூசி அடங்கியதும் அந்தப் பக்கம் இறங்கினேன். இடுப்புக்குக் கீழே செங்கலும் மணலும் மூடியிருந்தன. இடது கை முழங்கையில் இரண்டாக மடிந்து எலும்பு வெளியே தெரிந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "அண்ணே, அசையலாமா?" என்றார். அப்போதும் யோசனைதான் கேட்டார்.

"அசையாதீங்க சார். அப்படியே இருங்க. ஆளைக் கூட்டிட்டு வரேன்."

அவர் அசையவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கடப்பாரையைக் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி மூலையில் சாத்தினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆள் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் அவரை வெளியே எடுத்திருக்கலாம். அது எனக்குத் தெரியும்.

திரும்பிப் போனபோது மூச்சு இருந்தது. வாயோரம் ரத்தம் நுரைத்திருந்தது. "நீங்க அப்பவே சொன்னீங்கண்ணே. இடிச்சிருக்கணும். நான்தான் கேக்கல" என்றார். எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை. மனசு குளிர்ந்துவிட்டது. அப்புறம் ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்பீர்கள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. சுவர் உச்சியில் பதித்திருந்த கல் ஒன்று உடையாமல் கிடந்தது. இரண்டு கையாலும் தூக்கினேன். முதல் போடு நெற்றியில் பட்டு வழுக்கிவிட்டது. இரண்டாவது சரியாக விழுந்தது. மூன்றாவது தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது. அதன் பிறகுதான் தெருவுக்கு ஓடிச் சத்தம் போட்டேன்.

எல்லாரும் விபத்து என்றார்கள். மேஸ்திரி அன்றைக்கே சொன்னார், யார் கேட்டார்கள் என்று மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மச்சான் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு மாதம் கழித்து அந்தம்மா, சுவரை எப்படிக் கட்டுவது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். அவரும் புருஷனைப் போலவே இன்னொரு கொத்தனாரைக் கூப்பிட்டு, நீல நோட்டில் இருந்ததைப் படித்துக் காட்டிக் கேட்டிருக்கிறார். "சுவரை ஒட்டி இப்படித் தோண்டச் சொல்றவன் ஒண்ணு கொத்தனாரே இல்ல, இல்லேன்னா கொலைகாரன்" என்று அவர் சொன்னாராம். தொழில் தெரிந்தவர்.

அந்தம்மா ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுத்த அந்த நோட்டை நீங்கள் என் முன்னால் வைத்தீர்கள். நிதானமாகப் படித்துப் பார்த்தேன். ஜன்னல்: மேஸ்திரி சொன்ன இடம்தான். குழாய் குறுக்கே வருமா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். கொய்யா: மேஸ்திரி பத்தடி என்றார். பின்பக்க வேலி தடுப்பதால் எட்டடிதான் கிடைக்கிறது, அவரிடம் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. எலுமிச்சை: மேஸ்திரி வேண்டாம் என்றார், கேட்டிருக்க வேண்டும். நடுச்சுவர்: மேஸ்திரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வெயில் காலம் வந்ததும் இடித்துக் கட்ட வேண்டும், மச்சானிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்கிறீர்கள். கடைசிப் பக்கத்தை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பூப்பாத்தி, ஆழம் ரெண்டடி, மேஸ்திரி சொன்னது என்று எழுதியிருக்கிறார். நான் சொன்னது ரெண்டரை. கடைசிவரை அவர் என் பேச்சை முழுசாகக் காதில் வாங்கியதே இல்லை, ஐயா. அதை மட்டும் திருத்தி எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.