விடுபட்ட மனேஜர்

மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருந்தார்கள். இளையவள் ஸ்கொட்லாந்துக் கிழவர் ஒருவரைப் பராமரிப்பவள்.

“நேற்று ஐயா ஒரு மனேஜரை விட்டிட்டார், அக்கா.”

“என்ன மனேஜர்?”

“அவரின்ரை ஊர் ஃபுட்போல் கிளப்பின்ரை. விழுந்து தலையிலை அடிபட்டதிலையிருந்து, காலமை தேத்தண்ணி குடிக்கேக்கை ஞாபகம் சரியோ எண்டு பார்க்க எல்லா மனேஜர்மாரின்ரை பேரையும் வரிசையா ஒப்புவிப்பார். ஞாபகம் போச்செண்டால் மகள் முதியோர் இல்லத்திலை விட்டிடுவா. எனக்கு ராத்திரி நித்திரையே இல்லை.”

“பிறகு?”

“இண்டைக்கும் விட்டார். நானே பேரைச் சொன்னன். கோப்பையை டொக்கெண்டு வைச்சார். ‘அவன் முந்தநாள் எதிர்க் கிளப்புக்கு மனேஜராப் போயிட்டான். இனி என்ரை வீட்டிலை அந்தப் பேர் சொல்லக்கூடாது’ எண்டு கத்தினார்.”

“அப்பாடா! ஆள் நல்லாத்தான் இருக்கிறார். அப்பிடி ஆரடி அவன்?”

“நான் சொல்லமாட்டன், அக்கா.”