ஒரே வலையில் இரண்டு

என் மனைவிக்குச் சிலந்தி என்றாலே அருவருப்பு. அதனால் வீட்டில் ஒட்டடை அடிப்பது நான்தான். அடிக்கும் முன் வலையில் யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வேன். வீணாக ஓர் உயிரைக் கொன்றவன் இல்லை, அய்யா.

நீங்கள் கேட்கும் சிலந்தி அந்தக் குவாரி மலையில் மட்டுமே வாழ்ந்தது. நூறு வருடங்களுக்கு முன் ஒரு டாக்டர் அங்கே ஒரு பெண் சிலந்தியைப் பிடித்துப் பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள், இது சாதாரண வீட்டுச் சிலந்திதான் என்று அந்தப் பெயரைத் தள்ளிவிட்டார்கள். அவர் பிடித்தது எங்கள் அருங்காட்சியகத்தில், என் நாற்காலிக்குப் பின்னாலிருந்த அலமாரியில், ஸ்பிரிட் குப்பிக்குள் கிடந்தது.

அதே மலையில் நான் ஓர் ஆணைப் பிடித்தேன். புதிய இனம் என்று அறிவித்து என் அம்மாவின் பெயரைச் சூட்டினேன். பாடப்புத்தகத்தில் படம் வந்தது. பதவியும் வந்தது. அந்தக் குப்பியை ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். சோம்பல். அதைச் சொல்ல இன்றும் நாக்கூசுகிறது.

திறந்தவள், எனக்குக் கீழே வேலை பார்த்த பெண்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அவர் பிடிச்சது பொண்ணு, நீங்க பிடிச்சது ஆணு. ரெண்டும் ஒரே இனம். மலையில ஒரே வலையில பார்த்தேன். பழைய பேருதான் செல்லும்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். ஒரு ஜோடியைப் பிடிச்சுட்டு வந்துடறேன். சேர்ந்தே எழுதலாம் சார்."

என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். எனக்கு அது அப்போதே புரிந்தது.

என்னிடம் சொல்லிவிட்டு அவள் மலையேறிய காலையில் குவாரி மேஸ்திரி போன் செய்தார். அவர் உங்களிடம் சொன்னது உண்மைதான்.

"சார், பின்பக்கம் வெடி வைக்கிறோம். உங்க ஆளுங்க யாராவது மேல இருக்காங்களா?"

"யாரும் இல்ல. வைங்க."

டீ ஆறிக்கொண்டிருந்தது. எடுத்துக் குடித்தேன்.

சாவு வீட்டில் அவளுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்லைங்க" என்றார். கையை உருவிக்கொள்ளத் தோன்றியது. உருவவில்லை. பாறையோடு சிலந்தி வாழ்ந்த இடுக்குகளும் போய்விட்டன. பிறகு அந்தச் சிலந்தியை யாரும் பார்க்கவில்லை. நான் வைத்த பெயர்தான் புத்தகங்களில் நிற்கிறது. தலை நிமிர்ந்து அதைப் படிக்க முடிவதில்லை.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், அய்யா. மேஸ்திரி கேட்டது "உங்க ஆளுங்க" என்று. அவள் அன்றைக்கு விடுப்பில் இருந்தாள்.