கிராம்பு போட்ட கிண்ணம்

இல்லண்ணே, யாரும் விழல. நான்தான் குதிச்சேன். இந்த வயசுல, இந்த உடம்ப வச்சுக்கிட்டு. கீழ உங்க வீட்டுல காரை பேந்து விழுந்துச்சா? ஐயையோ, பாதி முகத்துல சோப்போட ஓடி வந்திருக்கீங்களே. சிரிக்கலண்ணே. சரி, சிரிக்கத்தான் செய்யறேன். இன்னிக்கு எமனே வந்து நின்னாலும் சிரிப்பேன், கண்டுக்காதீங்க.

உள்ள வாங்க. இந்தத் துண்டு சுத்தமானதுதான், மொகத்தத் தொடைங்க. வாசம் அடிக்குதுல்ல? ஆப்பிளு. ஒரு ஈடு எடுத்தாச்சு, ரெண்டாவது ஈடு ஓவன்ல இருக்கு. ஏன் குதிச்சேன்னுதானே கேக்கறீங்க. அதுக்குத்தான் வரேன். எதையும் முறையா சொல்லணும்ல.

மெதுவாப் பேசணுமா, எதுக்கு? எங்க வீட்டுக்காரரு அந்தத் திரைக்கு அந்தாண்ட ஜன்னலோரமா உக்காந்திருக்காரு. காதெல்லாம் பாம்புக் காது. வாய்தான் போச்சு. நீங்க கீழ் வீட்டுக்குக் குடிவர்றதுக்கு முன்னாடியே பக்கவாதம் வந்துடுச்சு. கை திரும்பிடுச்சு, கால் கொஞ்சம் திரும்பிடுச்சு. பேச்சு மட்டும் திரும்பல. அதனாலதான் உங்களுக்கு அவரு கொரலே தெரியாது.

பிஸ்கட் கம்பெனியில ருசி பாக்கற வேலைண்ணே அவருக்கு. சிரிக்காதீங்க, சம்பளம் குடுத்துத் திங்கச் சொன்னாங்க. ஆனா அங்க நல்லா இருக்குன்னு சொல்ற வழக்கமே கெடையாது. நகத்தால தட்டுவாரு, ஓரத்த ஒடிப்பாரு, மோந்து பாப்பாரு, அப்புறம்தான் வாயில போடுவாரு. குறை இருந்தா அது என்னன்னு ஒத்த வார்த்தையில சொல்லுவாரு. இல்லன்னா அடுத்த தட்டுக்குப் போய்டுவாரு. அந்தப் புத்தியோடயே வீட்டுக்கும் வருவாரு. கல்யாணமான புதுசுல நான் விழுந்து விழுந்து சமைப்பேன், மனுஷன் வாயத் தொறக்க மாட்டாரு. சமையக்கட்டுல உக்காந்து அழுவேன். என் மாமியாதான் சொன்னாங்க, அட பைத்தியக்காரி, அவன் வாய மூடிக்கிட்டுத் தின்னா நல்லாருக்குன்னு அர்த்தம்டின்னு.

அப்படிப் பாத்தா பக்கவாதம் வந்ததுலேருந்து நான் பிரமாதமா சமைக்கறேண்ணே.

சிரிக்கலாம், தப்பில்ல. நானும் அப்படிச் சொல்லித்தான் சிரிப்பேன். சிரிச்சு முடிச்சிட்டு அழுவேன்.

பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வருது, தங்கமான பொண்ணு. ஆப்பிள் படத்தக் காட்டி இது என்ன சொல்லுங்க சார், சொல்லுங்க சார்னு கெஞ்சும். இவரு மூஞ்சியத் திருப்பிக்குவாரு. பேச்சு உள்ளதான் இருக்கு ஆன்ட்டி, அது வெளிய வர்றதுக்கு ஒரு காரணம் வேணும்னுச்சு. அத யோசிச்சு யோசிச்சு எனக்கு மண்ட காஞ்சு போச்சு. படத்த வச்சுக்கிட்டு மனுஷன் என்ன சொல்லுவாரு? அதுல ஒரு குறையும் இல்லையே.

அதான் இன்னிக்கு ஆப்பிள வாங்கிட்டு வந்து தோல் சீவி, பொடிசா நறுக்கி, சக்கரையும் பட்டைத் தூளும் பெரட்டி, இந்தச் சின்னச் சின்னக் கிண்ணத்துல போட்டேன். மேல மாவும் வெண்ணெயும் விரல் நுனியால உதுத்து உதுத்துத் தூவணும், பெசஞ்சா போச்சு. ஒரே தட்டுல செஞ்சா வேலை கம்மிதான். ஆனா அவருக்குத் தனித்தனியா இருக்கணும், அப்பத்தான் தப்பு எதுலன்னு தெரியுமாம்.

முதல் ஈட்டுலேருந்து ஒரு கிண்ணத்த அவரு முன்னாடி வச்சேன். நகத்தால தட்டினாரு. ஓரத்த ஒடைச்சாரு. மோந்தாரு பாருங்க, மூக்கு அப்படியே நின்னுச்சு. அப்புறமும் ஒரு கரண்டி வாயில போட்டாரு, தொழில் புத்தி விடுமா. மூஞ்சி அஷ்டகோணலாப் போச்சு. கரண்டிய டொக்குனு வச்சிட்டு என்னைப் பாத்தாரு. மொறைச்சாரு. கி, கின்னு ஏதோ முட்டுச்சு. அப்புறம் வந்துச்சுண்ணே.

கிராம்பு.

எனக்குக் கேக்காத மாதிரி என்னங்கன்னேன். கிராம்பு, கழுதைன்னாரு. அப்பதான் குதிச்சேன்.

அவருக்குக் கிராம்புன்னா ஆகவே ஆகாதுண்ணே, பல்லு டாக்டர்கிட்ட போனாப்பல இருக்கும்பாரு. தெரியாமயா? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணவளுக்கு அது தெரியாதா? அந்த ஒரு கிண்ணத்துல மட்டும் இடிச்சு, தாராளமா, வேணும்னேதான் போட்டேன். நல்லா செஞ்சு செஞ்சுதானே மனுஷன் ஊமையாவே இருந்தாரு.

உங்களுக்குக் குடுக்கறதுல இல்லண்ணே, பயப்படாம சாப்பிடுங்க. சூடு, பாத்து.

இருங்க இருங்க. கேட்டுச்சா? உள்ளேருந்துதான். மறுபடியும் கேளுங்க. கருகுது. ஆமா, கருகுதுங்கறாரு, ரெண்டாவது ஈடு. எனக்கும் வாசம் வருது. எந்திரிக்காதீங்கண்ணே, உக்காருங்க. கருகட்டும். இன்னும் ரெண்டு தடவ சொல்லட்டும், போய் எடுக்கறேன்.