போயிட்டு வருது

வாலாஜாபாத்தில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் மடியில் ஒரு சிவப்புக் கொடியும் ஒரு பச்சைக் கொடியும் சுருண்டு கிடந்தன.

“நாளைலேருந்து நான் டீச்சர்க்கா. ரோடு வேலை நடக்கற எடத்துல வண்டிய எப்டி நிறுத்தறது, எப்டி அனுப்பறதுன்னு புதுசா வர்றவங்களுக்கு நான்தான் கத்துத்தரணும். மொதல் பாடமே, ‘போயிட்டு வருது’ன்னு சொல்லக்கூடாது.”

“அதுல இன்னாமா தப்பு?”

“நான் சேர்ந்த புதுசுல, ஒரு வண்டி போற அளவுக்குத்தான் ரோட்ல வழி. இந்த முனையில நான், அந்த முனையில செல்வி. பேசிக்க வாக்கிடாக்கி. கல்யாண வேன் ஒண்ணு வந்துது. நல்ல காரியத்துக்குக் கெளம்புனத ‘போவுது’ன்னா சொல்றது? ‘வேன் போயிட்டு வருது’ன்னு செல்விகிட்ட சொன்னேன்.”

“செரி.”

“வேன் அவளத் தாண்டிப் போயிடுச்சு. அது திரும்பி வரும்னு, அவ அந்தப் பக்கத்து வண்டிங்கள எல்லாம் நிறுத்தி வெச்சிக்கினு நிக்கிறா!”

“ஐயோ!”

“இன்ஜினியர் ஓடியாந்து, ‘போச்சுன்னு மட்டும் சொல்லும்மா’ன்னாரு. அடுத்து வந்தது பால் வண்டி. ‘பால் வண்டி போச்சு’ன்னேன். கவுந்துடுச்சுன்னு நெனச்சு செல்வி கொடியப் போட்டுட்டு ஓடியாந்துட்டா.”

பெரியவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். “உன்னையா டீச்சராக்கினாங்க?”

“‘நீ பண்ணாத தப்பு பாக்கி இல்ல, நீயே சொல்லிக்குடு’ன்னுட்டாரு இன்ஜினியரு. பயமாத்தான் இருக்குது.”

சின்னக் காஞ்சிபுரத்தில் இளையவள் எழுந்தாள். “நான் போறேங்கா.”

“நல்ல சேதி சொல்லிட்டு இன்னா பேச்சு அது? போயிட்டு வரேன்னு சொல்லு!”

“போயிட்டு வரேங்கா” என்றவள், படியில் நின்று கண்டக்டரிடம் திரும்பினாள். “அதுக்காக பஸ்ஸ நிறுத்தி வெச்சிடாதீங்கண்ணா.”